ஈஸ்டை நிலைநிறுத்தித் தொடர்முறையில் நொதி பெறுதல்

(உயிரித் தொழில்நுட்ப மாணவர்களும் மாவட்டத் தொழில்துறை அலுவலர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வகுப்பில் இரு தரப்பினர் அமர்ந்திருக்கிறீர்கள். ஒரு தரப்பினர் நாளை கலன்களை வடிவமைக்கப் போகிறவர்கள். மற்றொரு தரப்பினர் அக்கலன்களுக்கான கடன் விண்ணப்பங்களையும் திட்ட அறிக்கைகளையும் பரிசீலிக்கிறவர்கள். 'நிலைநிறுத்திய ஈஸ்டைக் கொண்டு தொடர்முறையில் நொதி உற்பத்தி' என்ற சொற்றொடர் திட்ட அறிக்கைகளில் மிகவும் கவர்ச்சியாகத் தோன்றும். அது எப்போது மெய்யான ஆதாயம் தரும், எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடும் என்பதை இரு தரப்பினரும் ஒருசேர அறிந்திருப்பது நல்லது. அதைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நொதியும் ஈஸ்டும்

நொதி என்பது உயிரணுக்கள் தோற்றுவிக்கும் வினையூக்கி. தான் செலவாகாமல், குறிப்பிட்ட ஒரு வேதிவினையை மட்டும் பல மடங்கு விரைவுபடுத்தும் புரதம் அது. 'என்சைம்' என்னும் பெயரை 1877-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் கூனே வழங்கினார். 'ஈஸ்டினுள் இருப்பது' என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அதற்கு முன்னரே, 1860-ஆம் ஆண்டில் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலோ, கரும்புச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிளக்கும் இன்வர்டேஸ் நொதியை ஈஸ்டிலிருந்து பிரித்திருந்தார். 1897-இல் எடுவர்ட் புக்னர், ஈஸ்டை அரைத்துப் பிழிந்த சாறு, உயிருள்ள அணு ஒன்றுகூட இல்லாத நிலையிலும், சர்க்கரையைச் சாராயமாக்குவதை மெய்ப்பித்தார். அதற்காக 1907-இல் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே நொதியியலின் தொட்டில் ஈஸ்ட் என்று கூறுவது மிகையாகாது.

இன்று ஈஸ்டிலிருந்து பெறப்படும் நொதிகள் பல. இனிப்புத் தொழிலுக்கு இன்வர்டேஸ். பால் சர்க்கரையாகிய லாக்டோஸைப் பிளப்பதற்கு லாக்டேஸ். சிக்கரிக் கிழங்கில் உள்ள இனுலின் என்னும் மாவுப்பொருளை ஃபிரக்டோஸாக மாற்றுவதற்கு இனுலினேஸ். இவற்றோடு, மரபணு மாற்றம் செய்த ஈஸ்டுகள் பாலாடைக் கட்டித் தொழிலுக்குத் தேவையான கைமோசின் நொதியையும், மஞ்சள் காமாலைத் தடுப்பூசிக்கான புரதத்தையும், இன்சுலினையும் உற்பத்தி செய்து தருகின்றன.

தொகுதிமுறையும் தொடர்முறையும்

வழக்கமான முறை தொகுதிமுறை. கலனைக் கழுவி, நீராவியால் தூய்மை செய்து, ஊட்டக் கரைசலை நிரப்பி, ஈஸ்டை இட்டு, வளரவிட்டு, இறுதியில் அனைத்தையும் வெளியேற்றுகிறோம். பின்னர் மீண்டும் கழுவத் தொடங்குகிறோம். கலன் உற்பத்தியில் ஈடுபட்டிருக்கும் நேரத்தோடு, கழுவுவதற்கும் சூடாக்குவதற்கும் குளிர்விப்பதற்கும் ஆகும் நேரமும் செலவுக் கணக்கில் சேருகிறது. மேலும் ஒவ்வொரு முறையும் புதிய ஈஸ்டை வளர்க்கவேண்டியுள்ளது.

தொடர்முறையில் ஒருபுறம் ஊட்டக் கரைசல் இடைவிடாது உட்செல்ல, மறுபுறம் அதே அளவு கரைசல் வெளியேறுகிறது. இதன் கோட்பாட்டை 1950-ஆம் ஆண்டில் பிரான்சில் ழாக் மோனோவும், அமெரிக்காவில் நோவிக், சிலார்ட் ஆகிய இருவரும் தனித்தனியே வகுத்தளித்தனர். இதில் நொதி உற்பத்திக்கு ஒரு தனி நன்மை உண்டு. குளுக்கோஸ் மிகுந்திருக்கும்போது ஈஸ்ட் இன்வர்டேஸ் போன்ற நொதிகளை உண்டாக்குவதை நிறுத்திக்கொள்கிறது. எளிதில் உண்ணத்தக்க உணவு கையில் இருக்கும்போது, அரிய உணவைப் பிளக்கும் கருவியை அது ஏன் செய்யவேண்டும்? தொடர்முறையில் ஊட்டத்தை மெதுவாகச் செலுத்தினால் கலனில் எஞ்சும் சர்க்கரை மிகக் குறைவாகவே இருக்கும். நொதி உற்பத்திக்கான தடை நீங்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் 1980-களில் குளுவெரோமைசிஸ் மார்க்ஸியானஸ் என்னும் ஈஸ்டைக் கொண்டு இதை இனுலினேஸ் நொதியில் கண்டனர். ஊட்டம் மெதுவாகப் பாய்ந்தபோது நொதியின் அளவு மிகுந்தது. பாய்ச்சலை விரைவுபடுத்தியபோது குறைந்தது.

ஆனால் தொடர்முறைக்கு ஓர் எல்லையும் உண்டு. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஈஸ்ட் இரண்டு மணி நேரத்தில் இருமடங்காகப் பெருகுவதாகக் கொள்வோம். 1,000 லிட்டர் கலனில் மணிக்கு ஏறத்தாழ 350 லிட்டருக்கு மேல் கரைசல் பாய்ந்தால், பெருகும் அணுக்களைவிட வெளியேறும் அணுக்களே அதிகமாகும். சிறிது நேரத்தில் கலனில் ஈஸ்டே இராது. இதனை அடித்துச்செல்லல் என்பர். அணுக்களைக் கலனிலேயே நிறுத்திவைக்க முடிந்தால் இவ்வெல்லையைக் கடக்கலாம். நிலைநிறுத்தல் என்னும் உத்தி இங்குதான் நுழைகிறது.

நிலைநிறுத்தும் முறைகள்

இவ்வுத்தி முற்றிலும் புதியதன்று. 1823-இல் ஜெர்மனியில் சூட்சன்பாக், பீச் மரச் சீவல்கள் அடுக்கிய தொட்டியில் சாராயத்தைச் சொட்டவிட்டுக் காடி தயாரித்தார். சீவல்களில் ஒட்டி வளர்ந்த நுண்ணுயிர்களே அங்கு வேலை செய்தன. 1916-இல் நெல்சன், கிரிஃபின் ஆகிய இருவர், கரித்தூளில் ஒட்டிய இன்வர்டேஸ் தன் திறனை இழக்கவில்லை எனக் கண்டனர். ஜப்பானின் தனாபே நிறுவனம் 1969-இல் நிலைநிறுத்திய நொதியைக் கொண்டு அமினோ அமிலங்களைத் தொடர்முறையில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1973-இல் முழு பாக்டீரிய அணுக்களையே கூழ்மத்தில் அடைத்து அஸ்பார்ட்டிக் அமிலம் தயாரித்தது.

ஈஸ்டுக்குப் பெரிதும் பயன்படுவது ஆல்ஜினேட் முறை. சோடியம் ஆல்ஜினேட்டின் 2 முதல் 4 விழுக்காட்டுக் கரைசலில் ஈஸ்டைக் கலந்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச்சொட்டாக விட்டால், ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போன்ற மணியாக இறுகுகிறது. கல்லூரி ஆய்வுக்கூடத்தில் ஒரு மணி நேரத்தில் செய்து பார்க்கக்கூடியது இது. மூலப்பொருளும் தொலைவில் இல்லை. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணைக் கரையிலும் சேகரிக்கப்படும் சர்காசம், டர்பினேரியா ஆகிய பழுப்புக் கடற்பாசிகளிலிருந்து ஆல்ஜினேட் எடுக்கப்படுகிறது. அக்கடற்கரையில் பாசி சேகரிப்பது பெண்கள் பலருக்கு வாழ்வாதாரமாகும். பாவ்நகரில் தலைமையகம் கொண்ட மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையம் மண்டபத்தில் இதற்கான கள நிலையம் ஒன்றை நடத்திவருகிறது.

மற்றொரு முறை, துளைகள் நிறைந்த பொருளில் ஈஸ்டைத் தானே ஒட்டி வளரவிடுவது. நுண்துளைப் பீங்கான், பஞ்சு போன்ற பாலியூரித்தேன், கரும்புச் சக்கை, முற்றிய பீர்க்கங்காயின் நார்க்கூடு ஆகியவை இதற்குப் பயன்பட்டுள்ளன. மூன்றாவது முறை மிக எளியது: தாமாகவே திரண்டு கீழே படியும் இயல்புள்ள ஈஸ்டு இனத்தைத் தேர்ந்துகொள்வது. இதில் தாங்குபொருளே தேவையில்லை.

நொதி எங்கே குடியிருக்கிறது?

இனி இவ்வுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். நிலைநிறுத்திய ஈஸ்டால் நொதி உற்பத்தி என்ற திட்டத்தைப் பார்த்தவுடன் கேட்கவேண்டிய முதற்கேள்வி: அந்நொதி ஈஸ்டின் எப்பகுதியில் இருக்கிறது?

சில நொதிகள் அணுவுக்குள்ளேயே தங்குகின்றன. லாக்டேஸ் அத்தகையது. சில, அணுச் சவ்வுக்கும் வெளிச்சுவருக்கும் இடையே தங்குகின்றன. இன்வர்டேஸ் பெரும்பாலும் அங்கேதான் உள்ளது. இன்னும் சில, ஓரளவேனும் வெளியே சுரந்து கரைசலில் கலக்கின்றன. முன்னர்க் குறிப்பிட்ட குளுவெரோமைசிஸ் மார்க்ஸியானஸ் ஈஸ்டின் இனுலினேஸ், ஒரு பகுதி சுவரிலும் ஒரு பகுதி கரைசலிலுமாகக் கிடைக்கிறது. இதே ஈஸ்ட்தான் லாக்டேஸையும் உண்டாக்குகிறது என்பது கருதத்தக்கது. ஒரே உயிர், இரு நொதிகள். ஒன்று வீட்டுக்குள், மற்றொன்று வாசலில்.

வெளியே சுரக்கும் நொதிக்கு நிலைநிறுத்தல் மிகவும் பொருந்தும். அணுக்கள் கலனில் நிற்க, நொதி கரைசலோடு வெளியேறும். அணுக்களைப் பிரித்தெடுக்கும் வேலையும் குறையும். எனினும் நொதி பெரிய மூலக்கூறு. அடர்ந்த ஆல்ஜினேட் மணியின் நுண்துளைகள் வழியே அது மெதுவாகவே வெளிவரும். ஆகவே இங்குத் திறந்த துளைகளையுடைய தாங்குபொருளே மேலானது.

சுவரில் தங்கும் இன்வர்டேஸின் நிலை வேறு. அதனை வெளியே எடுக்கவேண்டிய தேவையே பல சமயங்களில் இல்லை. சர்க்கரை மூலக்கூறு சுவரைக் கடந்து நொதியை எளிதில் சென்றடையும். எனவே ஈஸ்டணுவையே ஆயத்த வினையூக்கியாக நிலைநிறுத்தி, சர்க்கரைக் கரைசலை அதன்மேல் பாய்ச்சலாம்.

உள்ளே தங்கும் லாக்டேஸை விற்பனைக்குரிய நொதியாகப் பெறவேண்டுமாயின், அணுக்களை வளர்த்து, அறுவடை செய்து, உடைத்தே ஆகவேண்டும். வெளியேற்றவேண்டிய அணுக்களை முதலில் மணிக்குள் பூட்டிவைப்பதில் பொருளில்லை. ஆகவே லாக்டேஸ் உற்பத்திக்கு நிலைநிறுத்தல் உதவாது. லாக்டேஸின் பயன்பாட்டுக்கு அது பெரிதும் உதவும். உற்பத்தி, பயன்பாடு ஆகிய இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பிய திட்டம் தொடக்கத்திலேயே தடம் புரண்டதாகும்.

பனீர் நீர்: ஒரு நடைமுறைக் கணக்கு

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. 2023-24-ஆம் ஆண்டில் இந்தியா ஏறத்தாழ 23.9 கோடி டன் பாலை உற்பத்தி செய்து உலகில் முதலிடம் வகித்தது. பனீரும், வங்காள இனிப்புகளுக்கான சானாவும் செய்யும்போது, 100 லிட்டர் பாலிலிருந்து 75 முதல் 85 லிட்டர் வரை தெளிநீர் வடிகிறது. அதில் 4.5 முதல் 5 விழுக்காடு லாக்டோஸ் உள்ளது. அந்நீரின் உயிரியல் ஆக்சிஜன் தேவை லிட்டருக்கு 30,000 முதல் 50,000 மில்லிகிராம்; நீர்நிலைகளில் கழிவுநீரை விடுவதற்கு நம் விதிகள் அனுமதிக்கும் பொது வரம்போ 30 மில்லிகிராம் மட்டுமே. ஆயிரம் மடங்கு இடைவெளி!

நாள்தோறும் 5,000 லிட்டர் பாலைப் பனீராக்கும் ஒரு சிறு தொழிற்கூடத்தை எண்ணிப் பாருங்கள். அதிலிருந்து சுமார் 4,000 லிட்டர் தெளிநீர் வடியும். அதனை அப்படியே சாக்கடையில் விட்டால், ஏறத்தாழ 3,000 பேர் வாழும் ஊரின் கழிவுநீர்ச் சுமைக்கு அது நிகராகும். அதே நீரில் 180 முதல் 200 கிலோ லாக்டோஸ் உள்ளது. போதிய காற்றோட்டத்துடன் குளுவெரோமைசிஸ் ஈஸ்டை அதில் வளர்த்தால், 70 முதல் 80 கிலோ வரை உலர் ஈஸ்ட் கிடைக்க இடமுண்டு. அந்த ஈஸ்டினுள் லாக்டேஸ் இருக்கும். பால் சர்க்கரையைச் செரிக்க இயலாதோர் நம் நாட்டில் கணிசமாக உள்ளனர். அவர்களுக்கான பாலைத் தயாரிக்க இந்நொதி தேவைப்படுகிறது.

இங்கு நடைமுறைக்கு உகந்த வழி இரண்டு கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் ஈஸ்டைக் கட்டற்ற நிலையில், சர்க்கரையைச் சிறிது சிறிதாக ஊட்டியோ தொடர்முறையிலோ வளர்த்தல். இரண்டாம் கட்டத்தில், அறுவடை செய்த அணுக்களைச் சாராயம் போன்ற பொருளால் பதப்படுத்தி, அவற்றின் சவ்வில் நுண்வழிகளை உண்டாக்கி, அதன்பின் நிலைநிறுத்துதல். லாக்டோஸ் உட்புகும், பெரிய மூலக்கூறாகிய நொதி வெளியேறாது. அணு இறந்துவிட்டாலும் நொதியைத் தாங்கும் பையாக அது தொடர்ந்து பயன்படும். இறந்த அணுவுக்கு ஆக்சிஜனும் தேவையில்லை, ஊட்டமும் தேவையில்லை. இதனையொத்த கருத்தில், அணுவுக்குப் பதிலாகப் பிரித்தெடுத்த ஈஸ்ட் லாக்டேஸையே செல்லுலோஸ் இழைகளுக்குள் அடைத்து, இத்தாலியின் மிலான் நகரப் பால் நிலையத்தில் 1970-களின் பிற்பகுதியிலேயே பாலைப் பதப்படுத்தினர்.

தாங்குபொருளைத் தேர்வதிலும் கவனம் வேண்டும். ஈஸ்ட் லாக்டேஸ் ஏறத்தாழ நடுநிலைக் கரைசலில், அதாவது பாலின் இயல்பான நிலையில், நன்கு செயற்படும்; மக்னீசியமும் பொட்டாசியமும் அதற்குத் துணை. கட்டற்ற கால்சியமோ அதன் செயலைத் தடுக்கும். கால்சியம் ஆல்ஜினேட் மணியை இங்குப் பயன்படுத்த முனைவோர் இதனை நினைவிற் கொள்ளவேண்டும். மேலும் பால் நீரில் உள்ள பாஸ்பேட், கால்சியத்தைப் பற்றி இழுத்து மணியையே நெகிழச் செய்துவிடும்.

கலனுக்குள் எழும் இடர்கள்

உயிருள்ள ஈஸ்டை நிலைநிறுத்தும்போது எழும் முதல் இடர் ஆக்சிஜன் பற்றாக்குறை. 30 பாகை வெப்பத்தில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனே கரையும். மணியின் புறத்தே உள்ள அணுக்கள் அதனை உண்டுவிட, மில்லிமீட்டரில் ஒரு சிறு பகுதி ஆழத்துக்கு அப்பால் உள்ள அணுக்கள் மூச்சுத் திணறும். நான்கு மில்லிமீட்டர் மணியின் நடுப்பகுதி பெரும்பாலும் வீணே. மணியைச் சிறிதாக்கினால் இக்குறை நீங்கும். ஆனால் அடுக்கிய கலனில் சிறு மணிகள் பாய்ச்சலைத் தடுக்கும். எனவே காற்றால் மணிகளை மிதக்கவிடும் கலன்கள் விரும்பப்படுகின்றன.

இரண்டாவது, மணிக்குள் ஈஸ்ட் பெருகி, மொட்டுவிட்டு, வெளியே கசியும்; வெளிப்படும் கரியமில வாயு மணியைப் பிளக்கும். மூன்றாவது, அயல் நுண்ணுயிர்க் கலப்பு. தொகுதிமுறையில் ஒரு தொகுதி கெட்டால் ஒரு நாள் உழைப்புத்தான் வீண். ஒரு மாதம் இடைவிடாது ஓடவேண்டிய கலனில் பத்தாம் நாள் பாக்டீரியா புகுந்தால், ஈஸ்ட், தாங்குபொருள், காலம் அனைத்தும் நட்டம். நான்காவது, மின்தடை. காற்றூட்டம் நின்றால் ஈஸ்ட் சுவாசத்தை விட்டு நொதித்தலுக்கு மாறும்; நொதி உற்பத்தி சீர்குலையும். ஆகவே மாற்று மின்சாரத்துக்கான செலவைத் திட்டத்தின் ஒரு பகுதியாகவே கணக்கிட வேண்டும்.

மரபணு மாற்றிய ஈஸ்டில் ஐந்தாவது இடர் ஒன்றும் உண்டு. புதிய மரபணுவைச் சுமக்காத அணுக்கள் விரைந்து பெருகி, உழைக்கும் அணுக்களை ஓரங்கட்டிவிடும். நிலைநிறுத்திய அணுக்கள் மெதுவாகப் பெருகுவதால், இங்கு அம்முறை நமக்குச் சாதகமாகவே அமைகிறது.

நம் நாட்டின் அனுபவம்

இத்துறையில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். தில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்திலும், 1980-களின் தொடக்கத்திலேயே நிலைநிறுத்திய ஈஸ்டால் தொடர்ந்து சாராயம் பெறும் ஆய்வுகள் நடைபெற்றன. 1978-இல் பெங்களூரில் தொடங்கப்பெற்ற பயோகான் நிறுவனம், முதலில் பப்பாளிப் பாலிலிருந்து பப்பைன் நொதியைத் தயாரித்து ஏற்றுமதி செய்தது. பின்னாளில் ஈஸ்டினால் இன்சுலின் உற்பத்தி செய்யும் அளவுக்கு வளர்ந்தது. ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் 1997-இல் ஈஸ்டிலிருந்து பெற்ற ஹெபடைடிஸ்-பி தடுப்பூசியை வெளியிட்டது. உயிரித் தொழில்நுட்பத்துக்கென மத்திய அரசு 1986-இல் தனித்துறையை அமைத்தது. 2024 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை ஏற்ற 'பயோ-இ-3' கொள்கை, நொதிகளையும் முன்னுரிமைப் பொருள்களில் சேர்த்துள்ளது.

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. ஒரு காலத்தில் பெனிசிலினை நாமே தயாரித்தோம். அதனைப் பிளந்து பிற மருந்துகளுக்கு வழிசெய்யும் நிலைநிறுத்திய நொதி பற்றியும் நம் ஆய்வுக்கூடங்களில் நல்ல பணிகள் நடந்தன. ஆயினும் மலிவான இறக்குமதியின் முன் பெனிசிலின்-ஜி உற்பத்தி நின்றுபோயிற்று. 2020-இல் அரசு அறிவித்த ஊக்கத்தொகைத் திட்டத்தின் வாயிலாக அதனை மீட்கவேண்டியதாயிற்று. ஆய்வறிவு மட்டும் தொழிலாகிவிடாது. விலை, சந்தை, தொடர்ந்த பராமரிப்பு ஆகிய மூன்றும் உடனிருந்தாலே அது நிலைக்கும்.

பரிசீலனைக்குரிய கேள்விகள்

எனவே இத்தகைய திட்ட அறிக்கை உங்கள் மேசைக்கு வரும்போது ஐந்து கேள்விகளைக் கேளுங்கள். நொதி அணுவின் எப்பகுதியில் உள்ளது? விற்கப்போவது நொதியா, நொதியால் விளையும் பொருளா? கலன் தடையின்றி எத்தனை நாள் ஓடியதாகச் சான்று உள்ளது. அச்சான்று ஆய்வுக்கூடக் குடுவையிலிருந்து வந்ததா, குறைந்தது சில நூறு லிட்டர் கலனிலிருந்தா? தாங்குபொருளின் விலையையும் மாற்றும் காலத்தையும் கணக்கிட்டுள்ளனரா? மின்தடைக்கும் அயல் கலப்புக்கும் என்ன ஏற்பாடு?

இவற்றுக்குத் தெளிவான விடை இல்லையாயின், எளிய தொகுதிமுறையில் தொடங்குமாறு அறிவுறுத்துவதில் தவறில்லை. உலகின் ரொட்டி ஈஸ்டுத் தொழில் இன்றளவும் சர்க்கரையைச் சிறிது சிறிதாக ஊட்டும் முறையையே பெரிதும் கையாள்கிறது. எளிமையான முறை பிற்பட்ட முறை ஆகிவிடாது.

மாணவ நண்பர்களுக்கு ஒரு சொல். நிலைநிறுத்திய ஈஸ்ட் பற்றிய ஆய்வேடுகள் ஏராளம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை சில நாள்கள் ஓடிய சிறு குழாய்களைப் பற்றியவை. ஒரு கலனைத் தொண்ணூறு நாள்கள் ஓட்டி, எந்த நாளில் எது பழுதுற்றது என்று நேர்மையாகப் பதிவுசெய்யும் ஆய்வு ஒன்று, புதிய தாங்குபொருளைக் கண்டறியும் பத்து ஆய்வுகளைவிட இன்று நாட்டுக்குப் பயன்படும். உங்கள் ஊரின் பனீர்க் கூடத்திலிருந்து வடியும் நீரை அளந்து பாருங்கள். அதில் உள்ள சர்க்கரையையும் அமிலத்தன்மையையும் பருவந்தோறும் குறித்துவையுங்கள். அக்குறிப்பேடு கையில் இருந்தால், அந்த ஊருக்கு எந்தக் கலன் பொருந்தும் என்பதை நீங்களும் அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவு செய்ய இயலும்.